பக்கத்து சீட்டுக்காரரோடு காலம் தள்ளுவது எப்படி: அரசு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கு

எனக்கு முதல் மெமோ வாங்கிக் கொடுத்தவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. எனக்கு முன் அந்த சீட்டில் இருந்தவர் அவர். நான் சேர்வதற்கு இரண்டு வாரம் முன்பே மாறுதலில் போய்விட்டார். அவர் விட்டுப்போன பொறுப்புப் பட்டியலில் அறுபத்துச் சொச்சம் கோப்புகள். "கையெழுத்துப் போடுங்கள் தம்பி, எல்லாம் பீரோவில் இருக்கிறது" என்றார் பக்கத்து சீட்டு உதவியாளர். போட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு குடும்ப ஓய்வூதியக் கோப்பைக் கேட்டு மேலிடத்திலிருந்து நினைவூட்டு வந்தது. பீரோவில் கோப்பு இல்லை. பட்டியலில் என் கையெழுத்து இருந்தது. பதினோரு நாள் தேடினேன். கடைசியில் பதிவறையில், முடிந்துபோன கோப்புகளோடு சேர்த்துக் கட்டியிருந்த மூட்டையிலிருந்து அலுவலக உதவியாளர், அதாவது பியூன், அதை உருவி எடுத்துக் கொடுத்தார். அது அங்கே போன கதை பக்கத்து சீட்டுக்காரருக்கு முதலிலிருந்தே தெரியும் என்று சொன்னவரும் அந்த அலுவலக உதவியாளர்தான்.

இன்று நானே ஒரு பிரிவின் கண்காணிப்பாளர். குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராக வருகிறவர்கள் வருடத்துக்கு ஒருவராவது என் முன் வந்து கண் கலங்குகிறார்கள். வேலை கடினம் என்று அழுதவர் குறைவு. "அந்த சார் என்னை ஒரு மனுஷியாகவே மதிப்பதில்லை" என்பதுதான் வழக்கமான புகார். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: நம் அலுவலகங்களில் ஆளுக்கும் ஆளுக்கும் வருகிற சிக்கல் பெரும்பாலும் ஒரு கோப்பையோ பதிவேட்டையோ பிடித்துக்கொண்டுதான் வரும். அதை அந்தக் கோப்பிலேயே வைத்துத் தீர்க்கப் பாருங்கள். ஐம்பது வயதுக்காரரின் குணத்தைத் திருத்த அரசு உங்களுக்குச் சம்பளம் தரவில்லை.

முதல் வாரம்: எண்ணி வாங்குங்கள்

பொறுப்புப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோப்பையும் கண்ணால் பாருங்கள். இருப்பதற்குப் பென்சிலால் ஒரு குறி. இல்லாததை ஒரு தாளில் ந.க. எண்ணோடு (கோப்பின் அடையாள எண்) எழுதி, "கீழ்க்கண்ட கோப்புகள் பொறுப்பேற்கும்போது நேரில் காணப்படவில்லை" என்ற ஒரே வரியோடு கண்காணிப்பாளருக்குச் சமர்ப்பியுங்கள். நகலில் தேதியோடு சுருக்கொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் வேலை.

"நேற்று வந்தவர் நம்மைச் சந்தேகப்படுகிறார்" என்று முதல் முணுமுணுப்பு இங்கேதான் கிளம்பும். அதற்கு விளக்கம் கொடுக்கப் போகாதீர்கள். "சந்தேகம் எதுவும் இல்லை சார். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று பழக வேண்டாமா, அதற்குத்தான்" என்று சிரித்துக்கொண்டே எண்ணுவதைத் தொடருங்கள். அந்தப் பதிலில் பொய்யும் இல்லை.

அடுத்தது தன்பதிவேடு. டாட்டன்ஹாம் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் பெயரால் வழங்கும் அலுவலக முறையின் உயிர்நாடி இது. உங்கள் சீட்டுக்கு வந்த ஒவ்வொரு தபாலும் எந்த நாளில் வந்தது, நீங்கள் எப்போது மேலே வைத்தீர்கள், எப்போது திரும்பியது என்பது அதில் இருக்கும். சலிப்பூட்டும் வேலை என்று பலர் மாதக் கடைசியில் மொத்தமாக நிரப்புகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். "இந்தத் தபாலை நான் அன்றே கொடுத்துவிட்டேன், இவர்தான் அமுக்கிவிட்டார்" என்று ஒருவர் அதிகாரி முன்னால் சொல்லும்போது உங்களுக்காகப் பேசப்போவது அந்தப் பதிவேடு ஒன்றுதான். மின் அலுவலக முறை வந்துவிட்ட இடங்களில் கோப்பு யார் கணக்கில் எத்தனை நாள் கிடந்தது என்பது மணி, நிமிடத்தோடு தானே பதிவாகிவிடுகிறது. அங்கே சண்டையும் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

அவர் ஏன் முறைக்கிறார்

குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஆனால் வந்து சேருகிறவர்களில் பொறியியல் படித்தவர்கள் உண்டு, எம்.ஃபில். முடித்தவர்கள் உண்டு. பக்கத்தில் இருப்பவர் அலுவலக உதவியாளராகச் சேர்ந்து, பதிவறை எழுத்தராகி, துறைத் தேர்வுகளை எழுதி, நாற்பத்தெட்டு வயதில் உதவியாளர் ஆனவராக இருக்கலாம். நீங்கள் சேர்ந்த முதல் நாளே "இதை எக்செலில் போட்டால் ஐந்து நிமிடம் சார்" என்று சொல்லியிருப்பீர்கள். உங்கள் மனதில் அது உதவி. அவர் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்கும்.

நான் வேலை கற்றுக்கொண்டது அப்படிப்பட்ட ஒரு அம்மாவிடம். முதல் இரண்டு மாதம் என்னிடம் அவர் பேசியது மொத்தம் இருபது வாக்கியம் இருக்கும். நான் வைத்த வரைவுகளை வாய் திறக்காமல் பென்சிலால் அடித்துத் திருப்பித் தள்ளுவார். ஒருநாள் அடித்த வரைவுகளையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஒரே தவறைத்தான் பத்து முறை அடித்திருந்தார்: 'பார்வை' என்று மேலே குறிப்பிட்ட கடிதத்தின் சாரத்தைச் சொல்லாமலே நான் முடிவுக்குத் தாவியிருந்தேன். "மேடம், குறிப்பு எழுதும்போது முதல் பத்தியில் கடிதத்தில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும், அதுதானே?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். "இப்போதுதான் கண் தெரிகிறதா?" என்றார். அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெறும் வரை எனக்கு அங்கே கவலை இருக்கவில்லை. ஒரு குறிப்பைப் படித்தால் அதிகாரி மறுகேள்வி கேட்கக்கூடாது. அப்படி எழுத எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பென்சில் கோடுகளிலிருந்து வந்ததுதான்.

ஆகவே, சொல்லித்தர மறுக்கிறவரிடம் "சொல்லிக் கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அது அவருடைய நேரத்தைக் கேட்பது. பழைய கோப்பு ஒன்றைப் பதிவறையிலிருந்து எடுத்துப் படித்துவிட்டு, "இதே மாதிரி ஒரு கோப்பில் 2014-இல் இப்படிச் செய்திருக்கிறார்கள், இப்போதும் அது செல்லுமா?" என்று ஒற்றைக் கேள்வியாகக் கேளுங்கள். படித்துவிட்டு வந்து கேட்கிறவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது பழைய ஆட்களுக்குக் கடினம். தெரிந்ததைக் காட்டும் ஆசை யாருக்குத்தான் இல்லை? அதுவும் பலிக்கவில்லையா? பவானிசாகரில் உங்களோடு அடிப்படைப் பயிற்சி எடுத்தவர்கள் மாவட்டத்துக்கு நால்வர் இருப்பார்கள். அதே வகை வேலையை வேறு அலுவலகத்தில் பார்ப்பவர் ஒருவராவது அவர்களில் கிடைப்பார். அந்த எண்களை அழித்துவிடாதீர்கள்.

இன்னொன்று. முறைப்பு எல்லாமே உங்களுக்கானது என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். அன்று காலை யாரும் யாரிடமும் இனிமையாகப் பேசுவதில்லை. தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி என்கிற வருடாந்திரக் கணக்குச் சரிபார்ப்பு, எங்கும் மார்ச் கடைசி, தணிக்கை வரும் வாரம், சட்டமன்றக் கூட்டத்தொடர் நடக்கும் நாட்கள். இந்த நாட்களில் ஒருவர் எரிந்து விழுந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆவணியில் சாதாரணமான ஒரு புதன்கிழமையும் அப்படியே பேசினால்தான் யோசிக்க வேண்டும்.

வேலையைத் தள்ளிவிடுகிறவர்

"தம்பி, கம்ப்யூட்டர் எனக்கு வராது, இந்தப் பட்டியலை மட்டும் அடித்துக் கொடுத்துவிடு." ஒருமுறை அடித்துக் கொடுங்கள். இரண்டாம் முறையும் கொடுங்கள். மூன்றாம் முறை அவரை உங்கள் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் கையாலேயே அடிக்கச் சொல்லுங்கள். உண்மையிலேயே தெரியாதவர் கற்றுக்கொள்வார்; சாக்கு சொன்னவர் நான்காம் முறை வரமாட்டார். முதல் நாளே மறுத்தால் அலுவலகம் முழுக்கத் திமிர் பிடித்தவர் என்ற பெயர் போகும், அதை அழிக்க ஒரு வருடம் ஆகும். ஒருபோதும் மறுக்காவிட்டால் ஆறு மாதத்தில் அவருடைய சீட்டும் உங்களுடையதுதான்.

விடுப்பு விஷயம் இதைவிடச் சிக்கல். வருடத்துக்குத் தற்செயல் விடுப்பு 12 நாள் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் தீபாவளிக்கு முந்தைய நாளும் பொங்கலுக்கு அடுத்த நாளும் யாருக்கு என்பது எழுதாத சட்டப்படி மூத்தவருக்குப் போகிறது, அவர் சீட்டின் பொறுப்பு புதியவருக்கு வருகிறது. முதல் வருடம் விட்டுக்கொடுங்கள். ஆனால் பொறுப்புப் பார்க்கும் நாளில் அந்த சீட்டுக்கு வந்த தபால்களை அவருடைய பதிவேட்டிலேயே பதிந்து, அவர் திரும்பி வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து "நீதான் அன்று இன்சார்ஜ்" என்ற வாக்கியத்தைக் கேட்பீர்கள்.

அதிகாரியின் பெயரைச் சொல்லி வருகிற வாய்மொழி உத்தரவு தனி வகை. "ஐயா சொன்னார், இந்த விண்ணப்பத்தை உடனே பரிந்துரைத்து வை" என்று மூத்தவர் ஒருவர் சொல்கிறார். ஐயா சொன்னாரா என்று நீங்கள் போய்க் கேட்கவும் முடியாது. குறிப்பின் தொடக்கத்தில் "வாய்மொழி உத்தரவின்படி சமர்ப்பிக்கப்படுகிறது" என்று ஒரு வரி எழுதி, விண்ணப்பத்தில் இல்லாத ஆவணங்கள் எவை என்பதையும் அதன் கீழேயே எழுதி மேலே வையுங்கள். உண்மையான உத்தரவாக இருந்தால் அதிகாரி கையெழுத்திடுவார். இல்லையென்றால் கோப்பு கண்காணிப்பாளரைத் தாண்டுவதற்குள் அந்த மூத்தவரே வந்து "அந்த வரியை எடுத்துவிடேன்" என்பார். எடுக்காதீர்கள்.

தகவல் தராதவர்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு வருகிறது. பதில் 30 நாளுக்குள் போக வேண்டும். விவரம் இருப்பது பக்கத்துப் பிரிவில், அங்கே இருப்பவர் "பார்க்கலாம்" என்கிறார். பத்து நாள் கழித்தும் பார்க்கலாம் என்கிறார். அதே 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5(4) பிரிவில் இதற்கு மருந்து இருக்கிறது: பொதுத் தகவல் அலுவலர் வேறு எந்த அலுவலரின் உதவியையும் கேட்கலாம். அப்படிக் கேட்டுவிட்டால், 5(5) பிரிவின்படி தவறுக்கு அந்த அலுவலரையே பொதுத் தகவல் அலுவலராகக் கருதுவார்கள். தாமதத்துக்கு அபராதம் நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சம் 25,000 ரூபாய். ஆகவே மனு வந்த இரண்டாம் நாளே, பிரிவைக் குறிப்பிட்டு, தேதியிட்டு, தகவல் அலுவலர் கையெழுத்தில் ஒரு கடிதத்தை அந்தப் பிரிவுக்கு அனுப்பிவையுங்கள். கோபம் வேண்டாம், குரல் உயர்த்த வேண்டாம். கடிதம் கிடைத்த மறுநாள் விவரம் வந்து சேருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கத்துகிறவர்

பொதுமக்கள் நிற்கும்போது, எல்லோர் முன்னாலும் உங்களைக் கத்துகிறவர் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். திருப்பிக் கத்தாதீர்கள், அவருக்கு இருபது வருடப் பயிற்சி உண்டு. அழுதுவிட்டால் வெட்கப்படவும் வேண்டாம், முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காருங்கள். அன்று மாலை, கூட்டம் கலைந்தபின், அவர் டீ குடித்து முடித்த நேரமாகப் பார்த்து தனியே போய்ச் சொல்லுங்கள்: "சார், நான் செய்தது தப்புதான், திருத்திவிட்டேன். ஆனால் மனுதாரர் முன்னால் அப்படிச் சொன்னதால் அவர் இனி என் பேச்சைக் கேட்கமாட்டார். அடுத்த முறை என்னைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்." இந்த மூன்று வாக்கியத்தை வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டே போங்கள். பாதிப்பேர் அடங்கிவிடுவார்கள். அடங்காத மீதிப்பேருக்காகத் தேதி, நேரம், சொன்ன சொல், அருகில் இருந்தவர்கள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் கேலிக்குக் குழுவிலேயே பதில் எழுதாமல், திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்வது போதும்.

பணத்தோடு வருகிறவர்

அலுவலகத்திலேயே இனிமையாகப் பேசுகிற ஒருவர், சேர்ந்த மூன்றாம் மாதம் உங்களுக்கு மதியச் சாப்பாட்டில் மீன் குழம்பு கொடுப்பார். நான்காம் மாதம் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் எடுக்க ஜாமீன் கையெழுத்துக் கேட்பார். "ஒரு ஃபார்மாலிட்டி" என்பார். அது ஃபார்மாலிட்டி இல்லை. அவர் கட்டத் தவறினால் பிடித்தம் உங்கள் சம்பளத்தில் விழும். "வீட்டில் அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன், யாருக்கும் ஜாமீன் போடுவதில்லை" என்று அப்பா மேல் பழியைப் போடுங்கள். அப்பாக்கள் இதற்கெல்லாம் பயன்படட்டும். அலுவலகத்தில் பிடிக்கும் பணச் சீட்டில் சேரச் சொன்னாலும் இதே பதில்.

இதைவிட ஆபத்தானது கவர். "இதைக் கொஞ்சம் உங்கள் டிராயரில் வைத்திருங்கள், ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார்." எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள், தொடவும் தொடாதீர்கள். லஞ்ச ஒழிப்புத் துறையினர் பொறி வைக்கும்போது நோட்டுகளில் பினாப்தலின் தடவியிருக்கும். தொட்ட கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் இளஞ்சிவப்பாகும். யாருக்காகத் தொட்டீர்கள் என்பதைப் பிறகு நீதிமன்றத்தில்தான் விளக்க வேண்டியிருக்கும். உங்கள் டிராயருக்குப் பூட்டுப் போடுங்கள், சாவி உங்களிடமே இருக்கட்டும். சொந்தப் பணத்தைக் காலையில் எழுதிவைக்கும் பதிவேடு உங்கள் அலுவலகத்தில் இருந்தால் தினமும் எழுதுங்கள், நூறு ரூபாயாக இருந்தாலும். பங்கு வேண்டாம் என்று சொல்கிற ஒருவரைப் பங்கு வாங்குகிறவர்களுக்குப் பிடிக்காது. டீக்குக் கூப்பிட மாட்டார்கள். அந்த ஒதுக்கத்தைத் தாங்கித்தான் ஆக வேண்டும். அதற்கு எளிய வழி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஊரைக் கேட்கிறவரும், எல்லை மீறுகிறவரும்

"எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு? குலதெய்வம் எது?" இந்த மூன்று கேள்வியும் வரிசையாக வந்தால் கேட்கப்படுவது என்ன என்று உங்களுக்கே தெரியும். "பேருந்து நிலையம் பக்கம் சார்" என்று முடித்துக்கொள்ளுங்கள். விசாரிப்பு அத்தோடு நின்றால் விட்டுவிடலாம். தனி டம்ளர், சாதிப் பெயரைச் சொல்லி ஏளனம் என்று போனால் அது சமாளிக்க வேண்டிய விஷயம் இல்லை. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி ஊழியரைப் பொது இடத்தில் பிறர் பார்க்கும்படி சாதி சொல்லி இழிவுபடுத்துவது குற்றம். அலுவலகக் கூடமும் அப்படிப்பட்ட இடமாகலாம்.

பெண்களிடம் எல்லை மீறுகிறவருக்கும் அப்படியே. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் எந்த அலுவலகத்திலும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய அலுவலகம் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. புகார் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் போக வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் நீட்டலாம். "குடும்பஸ்தர், விட்டுவிடம்மா" என்று சமாதானம் பேச வருகிறவர்களுக்கு ஒரு செய்தி: சமரசத்தைக் கேட்க வேண்டியவர் பாதிக்கப்பட்ட பெண் மட்டும்தான், அப்போதும் பணம் கொடுத்துத் தீர்ப்பதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. சேர்ந்த மாதமே குழுவில் யார் யார் என்று தகவல் பலகையில் பார்த்து வையுங்கள். பலகையில் இல்லையென்றால் கேளுங்கள். கேட்டாலே சிலருக்கு உறைக்கும்.

மெமோ வந்தால்

தகுதிகாண் பருவம் என்பது தொடர்ச்சியான 3 ஆண்டுகளுக்குள் 2 ஆண்டு பணிக்காலம். அந்தக் காலத்தில் மெமோ என்றாலே கை நடுங்கும். விளக்கம் கேட்கும் குறிப்பாணை வேறு, குற்றச்சாட்டு வேறு. ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(ஏ) என்றால் கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற சிறு தண்டனை. 17(பி) என்றால் விசாரணை அலுவலர் வைத்து நடக்கும், பணிநீக்கம் வரை போகக்கூடிய பெரிய விஷயம். எதுவாக இருந்தாலும் வாங்க மறுக்காதீர்கள். தேதியோடு ஒப்பமிட்டு வாங்குங்கள், அன்று இரவே பதில் எழுதாதீர்கள். மறுநாள் எழுதுங்கள்: நடந்தது, தேதி, ஆதாரமான பதிவேட்டின் பக்கம். "அவர் என் மேல் பொறாமையால்" என்ற சொற்றொடர் ஒரு இடத்தில்கூட வரக்கூடாது. எனக்கு வந்த மெமோவுக்கு நான் எழுதிய முதல் வரைவில் அது மூன்று இடத்தில் இருந்தது. அந்தப் பென்சில் அம்மாதான் மூன்றையும் அடித்தார்.

மேலே புகார் செய்வதென்றால் உங்கள் கண்காணிப்பாளர் வழியாக, உங்கள் பெயரில், தகுந்த வழியாகச் செல்லட்டும். மொட்டைக் கடிதம் எழுதாதீர்கள். நம் அலுவலகங்களில் ஒவ்வொருவர் கையெழுத்தும் வாக்கிய நடையும் எல்லோருக்கும் தெரியும். தட்டச்சு செய்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஊழியர் சங்கத்துக்காரர்கள் உதவுவார்கள். ஆனால் சேர்ந்த முதல் வாரத்தில் இரண்டு சங்கமும் டைரியோடு வந்து நிற்கும். யார் உங்கள் அலுவலகத்தில் உண்மையிலேயே ஊழியருக்காகப் பேசுகிறார் என்று ஆறு மாதம் பார்த்துவிட்டுச் சந்தாவைக் கொடுங்கள்.

எதுவுமே பலிக்காமல் போவதும் உண்டு. அப்போது பிரிவு மாற்றம் கேளுங்கள், அதுவும் கிடைக்காவிட்டால் மாறுதல். இதில் தோல்வி எதுவும் இல்லை. போகும்போது உங்கள் பொறுப்புப் பட்டியலை நீங்களே கணினியில் அடித்து, கோப்பு எந்த பீரோவில் எந்தத் தட்டில் என்பதுவரை எழுதி, மூன்று பிரதி எடுங்கள். ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று அடுத்து வருகிறவருக்கு. மூன்றாவது பிரதியில் அவரிடம் கையெழுத்து வாங்கி வீட்டு அலமாரியில் வையுங்கள். என்னுடையது இன்னும் இருக்கிறது.